தேக்கும் உருக்கும்: நவீன கல்விக் கட்டடங்களில் மரத்தின் பயன்பாடு பற்றிய சில குறிப்புகள்

1

கட்டடக்கலை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கோயிற் கட்டடக்கலை பற்றியனவே. நவீன கட்டடங்கள் பொறியியலாளரின் அக்கறைக்குரியன என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இலக்கியத் திறனாய்வாளர் அவற்றின் பக்கம் திரும்புவது அரிது. ஆயின், கலைப்படைப்பொன்றின் உருவத்துக்கும் அது தோன்றிய சமூகத்தின் உற்பத்தி உறவுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்வது எமது பணியெனின், கட்டடத்தைப் போல் அத்தொடர்பைக் கண்முன் நிறுத்தும் கலை பிறிதொன்றில்லை. கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும். கட்டடத்துக்கோ நிலம் வேண்டும், மூலதனம் வேண்டும், நூற்றுக்கணக்கானோரின் உடலுழைப்பு வேண்டும். இம்மூன்றும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியைத் தவிர்த்துக் கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசுதல் இயலாது.

இக்கட்டுரையில் நாம் ஒரு சிறு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நவீன பல்கலைக்கழகங்களினதும் ஆய்வு நிலையங்களினதும் பெருங்கட்டடங்கள் கொன்கிறீற்றாலும் உருக்காலும் கண்ணாடியாலும் எழுந்தவை. எனினும், அவற்றுட் புகுவோர் ஏதேனுமோர் இடத்தில் மரத்தை எதிர்கொள்வர்: வாசிப்பு மேசையாக, சுவர்ப் பலகையாக, படிக்கட்டின் கைபிடியாக. ஏன் அங்கே மரம்? கட்டடக்கலை ஏடுகள் தரும் விடை எளிதானது: மரம் இயற்கையானது, கதகதப்பானது, மனிதத் தன்மை வாய்ந்தது. இவ்விடையை நாம் பொய்யென்று கூறவில்லை. ஆயின், அது முழு உண்மையன்று என்பதே எமது வாதம். 'இயற்கை' என்ற சொல் மிகுதியாக ஒலிக்கும் இடங்களிலே சமூக உறவொன்று மறைந்துகிடப்பதை இலக்கிய வரலாறு எமக்குப் பன்முறை உணர்த்தியுள்ளது.

மரத்தைப் பற்றிய விவாதமொன்று மார்க்சைப் பொருளியற் பிரச்சினைகளுக்கு இட்டுச்சென்றது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. காட்டில் வீழ்ந்துகிடந்த விறகைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கும் சட்டம் றைன் மாகாண சபையில் விவாதிக்கப்பட்டபோது, 1842ஆம் ஆண்டு 'றைனிஷ சைற்றுங்' ஏட்டில் அவர் அதனைக் கண்டித்து எழுதினார். பொருளியலின்பால் தாம் திரும்ப நேர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமென 1859இல் அவரே நினைவுகூர்ந்துள்ளார். 'மூலதனம்' முதலாந் தொகுதியில் (1867) பண்டமாயையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட பொருளும் மரத்தாற் செய்த மேசையே. காட்டு மரம் தனிச்சொத்தாவதும், தச்சன் கைப்பட்ட மேசை தன்னைச் செய்த கையை மறைத்துச் சந்தையில் நிற்பதும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்களாகும்.

2

மரத்தின் கதகதப்பு வெறும் மனப்பதிவன்று. மரத்தின் நுண்ணறைகளிற் காற்று அடைபட்டிருப்பதனால் அது வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகின்றது. உருக்கும் கொன்கிறீற்றும் எமது கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ள, மரம் அவ்வாறு செய்வதில்லை. ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருப்பினும் உருக்கு மேசை குளிர்ந்தும் மரமேசை கதகதப்பாகவும் படுவது இதனாலேயே. அன்றியும், மரத்தைச் சிறு கருவிகளால் இழைக்கலாம், பொருத்தலாம், பழுதுபார்க்கலாம். நாள்முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து முழங்கையை ஊன்றிப் படிப்பவருக்கு இவை உண்மையான நன்மைகள். மரத்தின் பயன் பெறுமதி இதுவே. பொருள்முதல்வாதிகளாகிய நாம் இதனை ஏளனஞ் செய்ய வேண்டியதில்லை.

ஆயின், மரத்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் பழைய உணவு மண்டபங்களில் ஓக் மரப் பலகைகள் சுவரை மூடிநிற்பதையும், ஒரு முனையில் உயர்த்தப்பட்ட மேடையில் ஆசிரியர்களுக்கான உயர்மேசை இருப்பதையும் பலர் அறிவர். அங்கே பலகை குளிரைத் தடுத்தது மட்டுமன்று. யார் எங்கே அமரலாம் என்பதையும் சொல்லிற்று. கறுத்து மின்னும் ஓக் மரம் 'பழைமை', 'கல்வி', 'குலம்' என்பவற்றின் கூட்டுச் சின்னமாயிற்று. அக்கல்லூரிகளின் விடுதிமுறை எமது பேராதனை வளாகத்தின் அமைப்புக்கும் முன்மாதிரியாக இருந்தமையால், இச்சின்னத்தின் மொழி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நவீன கட்டடக்கலை இச்சின்னத்தைத் துறக்க முயன்றது. வெண்சுவரும் உருக்குக் குழாய்க் கதிரையும் அதன் அடையாளங்களாயின. எனினும் மரம் மறைந்துவிடவில்லை. பின்லாந்தின் அல்வார் ஆல்ற்றோ 1930களிலேயே உருக்குக் குழாய்க்கு மாற்றாக வளைத்த மரத்தைக் கையாண்டார். கொன்கிறீற்றுப் பெருங்கட்டடங்களின் காலத்தில் மரம் எத்தகைய பணியை மேற்கொண்டது என்பதே எமது கேள்வி. அதற்கு விடைகாண லூயி கான் (1901–1974) என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் ஆக்கங்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

3

எஸ்தோனியாவிலிருந்து குடிபெயர்ந்த வறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த கான், 1930களிலும் 40களிலும் தொழிலாளர் குடியிருப்புத் திட்டங்களில் ஈடுபட்டவர். அவரது புகழுக்குக் காரணமான கட்டடங்களோ பிற்காலத்தவை. பெரும் நிறுவனங்களுக்காக எழுப்பப்பட்டவை. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் லா ஹோயாவில் 1965இல் நிறைவுற்ற சால்க் உயிரியல் ஆய்வு நிலையம். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் கண்டறிந்த ஜோனாஸ் சால்க்கின் வேண்டுகோளின்படி அது அமைக்கப்பட்டது.

அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். பசிபிக் சமுத்திரத்தை நோக்கித் திறந்த கல் முற்றமொன்றின் இரு மருங்கிலும் இரு நீண்ட ஆய்வுகூடத் தொகுதிகள் உள்ளன. ஆய்வுகூடங்கள் தூண்களற்ற நீண்ட கூடங்கள். குழாய்களும் கம்பிகளும் செல்வதற்கென ஒவ்வொரு கூடத்துக்கும் மேலே தனித் தளம் உண்டு. இத்தொகுதிகளுக்கும் முற்றத்துக்கும் இடையே, அவற்றினின்று விலகி, சிறு கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றில் முப்பத்தாறு தனியறைகள் இருக்கின்றன. ஆய்வுகூடத்திலிருந்து அங்கு செல்வதற்குப் பாலத்தையோ படிக்கட்டையோ கடத்தல் வேண்டும். மூத்த ஆய்வாளர் தனித்திருந்து சிந்திப்பதற்கான இவ்வறைகளில், கொன்கிறீற்றுச் சட்டத்தின் நடுவே தேக்குப் பலகை அடைப்புகளும் தேக்கு யன்னல்களும் பொருத்தப்பட்டுள்ளன. கடலை நோக்கிச் சாய்வாகத் திரும்பிய யன்னல்கள் அவை.

இப்பிரிவு தற்செயலானதன்று. ஆய்வுகூடம் தூய காற்றினதும் மாற்றியமைக்கத்தக்க இடத்தினதும் கட்டடக்கலையென்றும், தனியறை ஓக் மேசையினதும் கம்பளத்தினதும் கட்டடக்கலையென்றும் கான் தாமே வேறுபடுத்திப் பேசியுள்ளார். கட்டடக்கலை அறிஞர் இக்கூற்றைக் கவித்துவமானதெனப் பாராட்டுவர். நாம் அதனைச் சற்று நின்று வாசித்தல் வேண்டும். ஒரு புறத்தில் உருக்கும் குழாயும் கருவியும். மறுபுறத்தில் மரமும் மௌனமும் கடற்காட்சியும். ஒரு புறத்தில் பலர் கூடிச் செய்யும் வேலை. மறுபுறத்தில் ஒருவரின் சிந்தனை. மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையிலான பிரிவினை என்று மார்க்சியர் கூறுவது இங்கே பொருள்களின் வடிவில் எழுதப்பட்டிருக்கின்றது. மரம் அப்பிரிவினையின் எல்லைக்கோடாகத் தொழிற்படுகின்றது.

விஞ்ஞான அறிவு தனியறையிற் பிறப்பதில்லை. கருவியைக் கழுவுபவரும், மாதிரிகளைப் பேணுபவரும், அளவீடுகளைக் குறிப்பவரும், இளம் ஆய்வாளரும் சேர்ந்தே அதனை உற்பத்தி செய்கின்றனர். உற்பத்தி கூட்டானது. ஆயின் அதன் பெறுபேறு தனியொருவரின் பெயராற் சுட்டப்படுகின்றது. அப்பெயருக்குரியவருக்கே தேக்கு அறை உரியதாகின்றது. கான் உற்பத்தி உறவைக் கண்டுபிடித்தவருமல்லர், மறைத்தவருமல்லர். இருந்ததை இருந்தவாறே, மிகுந்த நேர்மையுடன், உருவத்திற் பதித்தார். பிற்போக்கான அரசியற் கருத்துடைய பல்சாக்கின் நாவல்கள் அவரது கருத்தையும் மீறிச் சமூக உண்மையை வெளிப்படுத்தின என்று எங்கெல்ஸ் கூறியது போன்றதொரு நிலைமை இது. கட்டடம் தன்னையறியாமலே தன் சமூகத்தைக் காட்டிக்கொடுக்கின்றது.

4

தேக்கு கலிபோர்னிய மரமன்று. அது இயற்கையாக வளர்வது இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளிலாகும். அம்மரத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரே எமது 'தேக்கு' என்ற சொல்லினின்று பிறந்தது. மலையாளக் கரையிற் போர்த்துக்கேயர் கேட்ட சொல் 'தெக்கா' ஆகிப் பின்னர் ஆங்கிலத்தில் 'ரீக்' ஆயிற்று. சொல் சென்ற வழியிலேதான் மரமும் சென்றது. கடற்படைக் கப்பல்களுக்காக மலபாரின் தேக்குக் காடுகள் அழிந்தபின்னர், நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கொனொலியின் ஆட்சியில் தேக்குத் தோட்டம் நாட்டப்பட்டது. பர்மாவில் 1863இல் நிறுவப்பட்ட பொம்பே பர்மா வர்த்தகக் கூட்டுத்தாபனம், வெட்டிய தேக்குக்குரிய இறையைச் செலுத்தவில்லையெனப் பர்மிய அரசு 1885இல் தண்டம் விதித்தது. அதனைக் காரணங்காட்டி அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானியா போர் தொடுத்தது. 1886 ஜனவரி முதலாந் திகதி மேற்பர்மா பிரித்தானிய முடிக்குரியதாக அறிவிக்கப்பட்டது. ஒரு மரத்தின் பெயரால் ஓர் அரசு வீழ்ந்தது என்றால் அது மிகையன்று.

பர்மியக் காட்டிலே தேக்கின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றபடியே ஈராண்டு மூவாண்டு உலரவிட்டு, பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் ஆற்றில் மிதக்கவிடுவர். பச்சைத் தேக்கு நீரில் அமிழும் என்பதே உலரவிடுவதற்குக் காரணம். பலரின் பல்லாண்டு உழைப்பு ஒவ்வொரு பலகையிலும் உறைந்திருக்கின்றது. அப்பலகை பசிபிக்கின் மறுகரையிற் பொருத்தப்பட்டதும் 'இயற்கை' என்று பெயர்பெறுகின்றது. பண்டமாயைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

அக்கட்டடத்தில் இன்னொரு மரமும் உண்டு. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கொன்கிறீற்றை வார்ப்பதற்குப் பலகைகளால் அச்சுக் கட்டவேண்டும். வார்ப்பு இறுகியதும் பலகைகள் கழற்றப்படும். சால்க் நிலையத்தின் சுவர்களில் அப்பலகைகளின் பொருத்துக் கோடுகளும், அவற்றைப் பிணைத்த கம்பிகளின் துளைகளும் பூசி அழிக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. உழைப்பின் சுவடு அழகின் பகுதியாயிற்று. யோன் றஸ்கின் 'வெனிசின் கற்கள்' நூலில் (1851–1853) இடைக்காலக் கொத்தனின் கைச்சுவட்டைப் போற்றியதும், சோசலிசவாதியான வில்லியம் மொறிஸ் அவ்வத்தியாயத்தை 1892இல் தமது அச்சகத்தில் தனிநூலாக்கியதும் இவ்வுணர்வினாலேயே. கானின் கட்டடத்தில் தேக்கைவிடக் கொன்கிறீற்றே தன்னை ஆக்கியவனைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகின்றது என்பது எமது கணிப்பு.

தேக்கு பூச்சின்றி விடப்பட்டது. வெயிலிலும் கடற்காற்றிலும் அது நரைத்துக் கொன்கிறீற்றின் நிறத்தை அணுக வேண்டுமென்பது கானின் எண்ணம். நடந்தது வேறு. பூஞ்சணம் படர்ந்து பலகைகள் கறுத்தன, பூச்சிகள் அரித்தன, இடையிடையே தடவப்பட்ட எண்ணெய்களும் பூச்சுகளும் நிறத்தை மாற்றின. இறுதியில் கெற்றி பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வுத் துணையுடன் 203 தேக்கு அடைப்புகள் பழுதுபார்க்கப்பட்டன. அவ்வேலை 2017இல் நிறைவெய்தியது. இயற்கையாக விடப்பட்ட மரம் இயற்கையாகவே நிலைக்கவில்லை. அரை நூற்றாண்டின் பின் மீண்டும் மனித உழைப்பே அதனைக் காத்தது.

5

இதுகாறும் கூறியவற்றால், மரத்தைக் கையாளுதல் எப்போதும் மேட்டிமையின் சின்னமே என்று முடிவுகட்டுவது வரட்டுவாதமாகும். கானின் பிறிதொரு கட்டடம் அம்முடிவை மறுக்கின்றது. நியூ ஹம்ஷயரிலுள்ள பிலிப்ஸ் எக்செற்றர் அக்கடமியின் நூலகம் 1971இல் திறக்கப்பட்டது. வெளியே செங்கல், நடுவே பெரும் வட்டத் திறப்புகளைக் கொண்ட கொன்கிறீற்றுக் கூடம், யன்னலோரமாக மாணவருக்கான ஓக் மர வாசிப்பிடங்கள். ஒவ்வொரு வாசிப்பிடத்திலும் கண்மட்டத்திற் சிறு யன்னலொன்றும் அதனை மூடித்திறக்கும் நகர்பலகையும் உண்டு. வெளிச்சம் எவ்வளவு வேண்டுமென்பதை அங்கு படிக்கும் மாணவனே கையால் தீர்மானிக்கிறான்.

சால்க் நிலையத்தில் மரம் சிலருக்கு ஒதுக்கப்பட்டது. எக்செற்றரில் அது வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் பகிரப்பட்டது. உயர்மேசை இங்கில்லை. கட்டடத்தைத் தாங்குவது செங்கல்லும் கொன்கிறீற்றும். உடல் தொடும் இடத்தில் மட்டும் மரம். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வேலையைச் செய்கின்றது. உருவமும் உள்ளடக்கமும் இயைந்த படைப்பு என்று இதனையே கூறவேண்டும். எனினும், 1781இல் நிறுவப்பட்ட அப்பாடசாலை அமெரிக்க உயர்வர்க்கத்தாரின் பிள்ளைகளை உருவாக்கி வந்த தனியார் நிறுவனம் என்பதையும் மறத்தலாகாது. கதவுக்குள்ளே சமத்துவம், கதவு எவருக்குத் திறக்கும் என்பது வேறு விடயம்.

கானின் மறைவின் பின், 1977இல் திறக்கப்பட்ட யேல் பிரித்தானியக் கலை நிலையம் மூன்றாவது எடுத்துக்காட்டு. வங்கியாளரும் 1921 முதல் 1932 வரை அமெரிக்கத் திறைசேரிச் செயலாளராக இருந்தவருமான அன்ட்ரூ மெலனின் மகன் போல் மெலன் அந்நிலையத்துக்குத் தமது ஓவியங்களை வழங்கினார். கொன்கிறீற்றுச் சட்டங்களினுள்ளே வெளிறிய ஓக் பலகைகள் உட்கூடத்தைச் சூழ்ந்திருக்கின்றன. ஆங்கிலப் பிரபுவின் நாட்டுப்புற மாளிகை நவீன உருவில் மீண்டும் வந்திருப்பதை எவரும் உணர்வர். பலகை எதனையும் தாங்குவதாகப் பாசாங்கு செய்யவில்லை என்பது கானின் நேர்மை. ஆனால் அங்கே அது கைக்கன்றிக் கண்ணுக்கே உரியது. நிதிமூலதனத்துக்குப் பரம்பரை வழங்கும் வேலையையே அது செய்கின்றது.

6

இன்று நிலைமை மாறியுள்ளது. 1990களில் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் வளர்ச்சிபெற்ற, பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டும் முறையினால் மரமே பெருங்கட்டடங்களைத் தாங்கும் வலுவைப் பெற்றுவிட்டது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 2017இல் பதினெட்டு மாடி மாணவர் விடுதியொன்றைத் திறந்தது. மர உறுப்புகள் தொழிற்சாலையில் ஆயத்தமாகி வந்தமையால் அதன் மரச்சட்டகம் எழுபது நாள்களுக்குள் எழுந்தது. ஆயின் தீப்பாதுகாப்பின்பொருட்டு மரத்தின் பெரும்பகுதி ஜிப்சப் பலகையால் மூடப்பட்டது. மரம் தாங்குகின்றது, தெரிவதில்லை. எத்தனையோ பல்கலைக்கழக மண்டபங்களில் நாம் காண்பதோ இதற்கு எதிரானது: ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய மரச்சீவல் மலிவான பலகைமீது ஒட்டப்பட்டிருக்கும். மரம் தெரிகின்றது, எதனையும் தாங்குவதில்லை.

ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றில், வாழ்வின் இயக்கத்தை எடுத்துரைத்தலையும் புறத்தோற்றத்தை வெறுமனே வருணித்தலையும் வேறுபடுத்தினார். யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்குமுள்ள வேறுபாடு அது. ஒட்டிய மரச்சீவல் இயற்பண்புவாதத்தின் கட்டடக்கலை எனலாம். இயற்கையின் தோலை அது மிகத் துல்லியமாகக் காட்டும், உறவெதனையும் காட்டாது.

தாங்கவும் தெரியவும் செய்யும் மரத்துக்குச் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறக்கப்பட்ட கட்டடம் எடுத்துக்காட்டாகும். யப்பானியக் கட்டடக் கலைஞர் தோயோ இத்தோவின் வடிவமைப்பு அது. ஏறத்தாழ 43,500 சதுர மீற்றர் பரப்பு. விட்டமும் தூணும் கைபிடியும் இருக்கையும் மரம். இங்கே தேக்கு வளரும் தென்கிழக்காசியாவுக்கு ஐரோப்பியக் காடுகளின் ஊசியிலை மரம் வந்திறங்கியது என்பது வரலாற்றின் வினோதமான திருப்பம். கட்டடத்தின் பெயர் கையா. பூமித்தாயைக் குறிக்கும் கிரேக்கப் பெயர். அதனுள் இயங்குவது வணிகக் கல்லூரி. மரக் கட்டடம் கரியைத் தன்னுள் அடக்கிவைக்கிறது என்பதும், சீமெந்து உற்பத்தி பெருமளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதும் விஞ்ஞான உண்மைகள். அவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும், பூமியைப் பண்டமாக்கிய பொருளாதாரத்தின் முகாமையாளரைப் பயிற்றும் இடத்துக்குப் பூமித்தாயின் பெயர் சூட்டப்படும்பொழுது, மரம் மீண்டும் ஒரு கருத்துநிலைப் பணியை ஏற்கின்றது. முன்னர் அது பழைமையின் சின்னம். இப்பொழுது மனச்சாட்சியின் சின்னம்.

7

எமது ஆய்வின் முடிவைத் தொகுத்துரைப்போம். கல்விக் கட்டடமொன்றிலுள்ள மரத்தை மதிப்பிடுவதற்கு அது அழகாயிருக்கின்றதா என்ற கேள்வி மட்டும் போதாது. அதனை யார் தொடுகிறார்? யார் வெட்டினார், யார் இழைத்தார்? யார் அதனை நாள்தோறும் துடைக்கிறார்? இம்மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். சால்க் நிலையத்தின் தேக்கு முதற் கேள்விக்கு 'சிலர்' என்று விடையளிக்கின்றது; எக்செற்றரின் ஓக் 'உள்ளே வந்தோர் அனைவரும்' என்கின்றது. ஏனைய இரு கேள்விகளுக்கும் இக்கட்டடங்களின் மரம் இன்னும் விடை கூறவில்லை.

இதனால் மரத்தைத் துறந்து கொன்கிறீற்றுச் சிறைகளிற் படிக்கவேண்டுமென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. வறியோருக்குக் கடினமான பொருளும் செல்வருக்கு மென்மையான பொருளும் என்பது ஆளும் வர்க்கத்தின் அழகியல். கை வைத்தாற் குளிராத மேசையும், தன் கையால் திறக்கக்கூடிய சிறு யன்னலும் மனிதரின் நியாயமான தேவைகள். அத்தேவைகள் பேராசிரியருக்கு உள்ளனபோலவே ஆய்வுகூட உதவியாளருக்கும் நூலகச் சிற்றூழியருக்கும் உள்ளன. ஆகவே பல்கலைக்கழகமொன்று புதிய கட்டடம் எழுப்பும்போது, மாணவரும் ஊழியரும் அதன் வரைபடத்தை வாங்கிப் பார்த்தல் வேண்டும். மரம் எந்த அறைகளிற் குறிக்கப்பட்டிருக்கின்றது, எந்த அறைகளில் இல்லை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நிறுவனம் அறிவை யாருடைய உழைப்பென்று கருதுகின்றது என்பதை அவ்வரைபடமே சொல்லிவிடும்.